முதல் ஊசி காலனிக்கு

சுகாதாரப் பார்வையாளர் பணியிலிருந்து இன்று ஓய்வு பெறும் மதிப்பிற்குரிய மெஹபூப் பீ அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஊழியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்

அம்மைக்கு அஞ்சா அன்னையே! பனிக்கட்டியும் அம்மைப்பாலும் சுமந்து பனமலை வரை பாதம் தேய நடந்த பண்பின் செல்வியே! செஞ்சியின் மதில்கள் பழைய படைகளைத் தடுத்தன. தங்கள் ஊசியோ பெரியம்மையைத் தடுத்தது. தங்கள் கறுப்புக் குடை தெருமுனையில் தெரிந்தாலே பிள்ளைகள் வைக்கோற்போரில் ஒளிவர். இழுத்து வந்து குத்திவிட்டு, அழுகிற வாயில் பொட்டுக்கடலையும் போடுவீர்கள்!

பெரியம்மைக்குக் குத்தும் மருந்தான அம்மைப்பால் வெயில் பொறுக்காது. ஐஸ் கரைந்தால் அதன் வீரியமும் போய்விடும். அன்றைய வழக்கமோ, பெரிய தெருவில் தொடங்கி, வீட்டுக்கு வீடு மோர் குடித்து, உச்சிவெயிலில் காலனிக்குப் போய்ச் சேர்வது. அங்கே குத்திய ஊசி பலிக்கவில்லை. கோடைதோறும் அம்மை அங்கேதான் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. அவர்கள் தலையெழுத்து என்று ஊரார் கைகழுவினர். தாங்கள் ஒருவரே மருந்து பிளாஸ்கைத் திறந்து, ஐஸ் தண்ணீராகிக் கிடப்பதைப் பார்த்தீர்கள்.

அனந்தபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், காலை முதல் பஸ்ஸில் இறங்கி நேரே காலனிக்கு நடந்தீர்கள். பெரிய தெருப் பெரியதம்பி அவர்கள் வழிமறித்தார்: "இன்னாம்மா இது? அவங்களுக்குக் குத்துன ஊசி எங்களுக்கா?"

"ஊசிய நெருப்புல சுட்டுத்தாண்ணே குத்துறேன். இத்தினி வருஷம் ஐஸ் உங்களுக்கு, தண்ணி அவங்களுக்கு. பொறுங்க, வந்துடுறேன்."

அவர் தெரு முழுவதும் கதவடைத்தது. தங்களை மாற்றக் கோரி மனுவும் போயிற்று. வேலை போய்விடுமோ என்று நாங்கள் நடுங்கினோம், அம்மா! மறுவாரம் அவர் மருமகள் ராஜம்மாள், இடுப்புக் குழந்தையோடு காலனிக்கே வந்து, காலனிப் பெண் பூவாயிக்குப் பின்னால் வரிசையில் நின்றார். "ஐஸ் கரையற வரைக்கும் எம்புள்ள இன்னாத்துக்குக் காத்திருக்கணும்?" என்றார். அடைத்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

வென்றுவிட்டோமென்று தாங்கள் ஓயவில்லை. இனி யாருக்கும் கரைந்த ஐஸ் கூடாதென்று மேலிடத்தை நச்சரித்து, இரண்டாவது பிளாஸ்கும் அதனுடன் செல்ல எங்களில் ஒருவரையும் பெற்றீர்கள். இரு தெருவிலும் ஒரே வேளையில் ஊசி தொடங்கியது. இந்தக் கோடையில் அக்காலனியின் ஒரு வாசலிலும் வேப்பிலை செருகப்படவில்லை. நினைக்கும்போதே எங்கள் நெஞ்சு நிறைகிறது.

தங்கள் தேய்ந்த பாதங்கள் இனியேனும் இளைப்பாறட்டும். நோய் அண்டாமல், பேரன் பேத்திகளோடு நெடுங்காலம் நிறைவாய் வாழ்க!

கடைசியில் சேர்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இம்மடலை இன்று காலையே, பூவாயியின் வாசலில், காலனி மக்கள் முன் படித்துவிட்டுத்தான் இங்கு வந்தோம். பூவாயி கையெழுத்திட்டார். தரையில் அமர்ந்து கேட்டிருந்த பெரியதம்பி அவர்களும் எழுந்து வந்தார்: "எம் பேரையும் போடுங்க. அந்தப் பொண்ணு பேருக்குக் கீழ."

பூவாயி
பெரியதம்பி
மற்றும் தங்களைப் பிரிய மனமில்லாத ஊழியர்கள்
செஞ்சி, 1966