கப்பலிலும் வீட்டிலும் ஒரே மத்தியானம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை; துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். தருவைகுளம் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார்.

“ஏளா, நேத்து வீடியோல நான் மத்தியானச் சோறு திங்கயில அவியளும் மத்தியானச் சோறுதான் சாப்பிட்டாவ.”

“அதுக்கென்ன?”

“கப்பல் பக்கத்துல வந்துட்டு. தூரத்துல இருந்தா எனக்குச் சோறு, அவியளுக்குக் காலைக் காப்பி. கொழும்புல இறக்கிவிட்டா மக கல்யாணத்துக்கு வந்துருவாவ.”

“முன்னால அவரு கடுதாசிய தெருவுக்கே வாசிப்ப. கடைசி வரிய மட்டும் முழுங்கிருவ!”

“போளா! அந்த ஒரு கடுதாசி ஒரு மாசத்துக்குப் போதும். இப்ப தினமும் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டுட்டு வச்சிருதாவ.”

மறுநாள் தோழி மட்டும் வந்தார். கப்பல் கொழும்பில் யாரையும் இறக்காமல் போய்விட்டதாகக் கண்டக்டரிடம் சொன்னார். கல்யாணத்தன்று மகளைக் கைபிடித்து மாதா கோவிலுக்குள் கூட்டிப்போக, தாய்மாமாவைக் கேட்டிருக்கிறார்களாம்.