ஷிஃப்ட் பார்த்துப் போடும் படம்

தீபாவளி முடிந்து இரண்டு நாள். நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் மைன்ஸ் ஹெல்மெட் இருந்தது. மற்றவர் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ஹெல்மெட்காரர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் பேப்பரை மடித்தேன்.

“தீபாவளிப் படத்த இன்னிக்குக் காலையில பல்லு வெளக்கிகினே பாத்துட்டேங்க.”

“எங்க தியேட்டர்ல மொத ஆட்டமே பதினோரு மணிக்குத்தான?”

“கேபிள்லங்க. எங்க பிளாக் கேபிள்காரரு ஷிஃப்ட் பாத்துப் போடறாரு. நைட் ஷிஃப்ட் வுட்டு வர்றவங்களுக்குக் காலையில, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆளுங்களுக்கு சாயந்திரம்.”

“திருட்டு சிடி. குறுக்க எவன் தலையாவது போய்கினே இருக்குமே?”

“போவுது. ஹீரோ வர்றப்ப விசில்கூட கேக்குது. உங்க தியேட்டர்ல மூட்டப்பூச்சிதான் அதிகப்படி.”

“எங்க மொதலாளி பொங்கலோட தியேட்டர இடிச்சிட்டு கல்யாண மண்டபம் கட்டப்போறாரு. உங்க வூட்டுக் கல்யாணத்தையும் கேபிள்லயே பாத்துக்குங்க.”

ஹெல்மெட்காரர் சிரித்தார். “நேத்து கூட்டம் எப்படிங்க?”

“மாட்னிக்குப் பதினாலு பேரு. அதுல ஆறு பேரு அந்தக் கேபிள்காரரு குடும்பம்.”

“அவரா? அவரு எதுக்குங்க தியேட்டருக்கு?”

“நானும் அதத்தான் கேட்டேன். நல்ல நாளும் அதுவுமா புள்ளைங்களுக்கு அந்தக் கண்றாவியையா போட்டுக் காட்டறதுன்றாரு.”