ரொட்டிக்கடைக்கு ஞாயிறு விடுமுறை

மனைவி: ...இன்னைக்குச் சொல்லலைன்னா நீங்க என்னைக்குமே சொல்ல மாட்டீங்க!

கணவர்: சொல்றேன்னு சொன்னேன்ல... முதல்ல தட்டை வெளியே எடு, பன்னு கருகுது.

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. ஃபாதர் தெருமுனைக்கு வந்துட்டாரு. எங்கே, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.

கணவர்: "வணக்கம் ஃபாதர்..."

மனைவி: ம்.

கணவர்: "...உடம்பு எப்படி இருக்கு?"

மனைவி: கிழிஞ்சுது!

கணவர்: அடுத்த வாரம் சொல்லலாமே. இப்ப என்ன அவசரம்?

மனைவி: அவசரமா? கடல் வந்து கடையைத் துடைச்சிட்டுப் போச்சு. சர்ச்சுக்காரங்க இந்த அடுப்பு வாங்கிக் கொடுத்துத்தான் தலை நிமிர்ந்தோம். வாரத்துல நல்லா விக்கிறதே ஞாயித்துக்கிழமை காலையிலதான். அந்த நேரம் பார்த்துக் கடையைப் பூட்டிட்டு, சர்ச்சுல முன்வரிசையில போய் உக்காந்திருக்கோம்!

கணவர்: அடுப்பு கொடுத்தவங்களாச்சே... போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?

மனைவி: அதுக்குத்தானே நானும் வாயைத் திறக்கலை. நம்ம சாமி வேற, நம்ம பாட்டு வேற. எல்லாரும் எழுந்தா நான் உக்காருறேன், எல்லாரும் உக்காந்தா நீங்க எழுந்திரிக்கிறீங்க. போன வாரம் ஒருத்தரு காணிக்கைத் தட்டை நீட்டினாரு, பழக்கதோஷத்துல "எத்தனை பன்னு வேணும்"னு கேட்டுட்டேன்!

கணவர்: அவரு சிரிச்சாருல்ல?

மனைவி: அவரு சிரிச்சாரு, எனக்கு மானம் போச்சு!

கணவர்: மெதுவா... வந்துட்டாரு.

பாதிரியார்: என்ன, வாசனை தெருவுலயே கையைப் பிடிச்சு இழுக்குது!

கணவர்: வாங்க ஃபாதர்... உடம்பு எப்படி இருக்கு?

மனைவி: இவரை நம்பினேன் பாருங்க! ஃபாதர், நானே சொல்லிடறேன். கோவிச்சுக்கக் கூடாது.

பாதிரியார்: நானும் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்மா. ரொம்ப நாளா நாக்கு நுனி வரைக்கும் வந்து நிக்குது...

மனைவி: அடுப்பைத் திருப்பிக் கேக்கப் போறீங்களா?

பாதிரியார்: அடுப்பையா? எதுக்கு?

மனைவி: நாங்க... இனிமே ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர முடியாது. கடை திறக்கணும். அடுப்பு கொடுத்ததுக்கு வந்துதான் ஆகணும்னா வேற கிழமையில வர்றோம், சர்ச்சைக் கூட்டித் துடைச்சுத் தர்றோம்...

பாதிரியார்: இருங்க, இருங்க. வந்துதான் ஆகணும்னு யார் சொன்னா?

மனைவி: யாரும் சொல்லலை... நாங்களாத்தான்...

பாதிரியார்: அட கடவுளே! நான் நீங்க ஆசைப்பட்டு வர்றீங்கன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்!

மனைவி: அய்யய்யோ!

பாதிரியார்: பூசை முடிஞ்சு மொத்த ஜனமும் பசியோட வெளியே வருது. எதிர்லயே ரொட்டிக்கடை, அதுல பூட்டு தொங்குது! "புது அடுப்பை வாங்கிக் கொடுத்துட்டு, ரொட்டி போடுறவங்களை நீங்க உள்ளே பிடிச்சு வச்சுக்கிட்டா எப்படி"ன்னு என்னைத்தான் வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க.

மனைவி: எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

பாதிரியார்: சர்ச்சுக்கு வராதீங்கன்னு ஒரு பாதிரியார் எந்த வாயால சொல்றது? நீங்க சீக்கிரம் போய்த் திறப்பீங்கன்னு பிரசங்கத்தைக்கூடப் பாதியா குறைச்சுப் பார்த்தேன். ஜனங்க சந்தோஷப்பட்டதுதான் மிச்சம்.

கணவர்: ஓ... அதுதான் சட்டுனு முடிஞ்சுடுதா?

மனைவி: அப்ப நாளைக்கு ஞாயித்துக்கிழமையே கடையைத் திறக்கலாம்!

பாதிரியார்: திறந்தே ஆகணும். முதல் பன்னு எனக்கு.

மனைவி: அப்பாடா! கேட்டீங்களாங்க? ரெண்டு பேருமா நின்னா நாளைக்கு எவ்வளவு போடலாம்... என்ன, உங்க முகம் ஏன் தொங்கிப்போச்சு?

கணவர்: நான் மட்டும்... ஒரு நடை போயிட்டு வந்துடட்டுமா?

மனைவி: எங்கே?

கணவர்: பூசைக்கு. பிரசங்கம் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்.

பாதிரியார்: கட்டாயம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேனேப்பா.

மனைவி: அங்கே கண்ணை மூடிக்கிட்டு அப்படி உருகுவாரு ஃபாதர், நானே அசந்துபோவேன். ஏங்க, நிஜமாவே பக்தி வந்துடுச்சா? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

கணவர்: பக்தியெல்லாம் இல்லை... தப்பா நினைக்காதீங்க ஃபாதர். கடல் வந்த அன்னையிலேருந்து வீட்டுல கண்ணை மூடினா தண்ணிச் சத்தம்தான் கேக்குது. பயந்துடுவான்னு இவகிட்டகூடச் சொல்லலை. நீங்க பேசுறப்பத்தான் எனக்குத் தூக்கம் வருது... கொஞ்சம் பழையபடி நீளமாவே பேசுங்களேன்.