நீலக் கறை

ஹலோ... எர்லண்டா? தோரா பேசறேன்... பக்கத்துப் பண்ணை தோராதான். இந்த ஆர்க்னித் தீவுல வேற எத்தனை தோரா உன் மேல கொலைவெறியில இருக்கா?... ஓ, இருக்காங்களா?

...இல்ல, உன் கொட்டகைக் குழியப் பத்திப் பேசக் கூப்பிடல. அதுக்கும் வர்றேன்... ஆமா, ஆமா, சிமென்ட் லாரி வியாழக்கிழமை கப்பல்ல வருது. தெரியும். முதல்ல நான் சொல்றதக் கேளு. என் ஆடு குட்டி போட்டுடுச்சு... வாழ்த்தா? யோவ், இது பிப்ரவரி! என் குட்டிங்க ஏப்ரல் கடைசியில, புல்லு தலை காட்டினப்புறம் வரணும். வெளிய பனி பக்கவாட்டுல அடிக்குது...

என் கடாவா? அவன நான் நவம்பர்லதான் ஆட்டோட விட்டேன். அஞ்சு மாசம் பின்னால எண்ணு. செப்டம்பர்ல என் கல் சுவரைத் தாண்டினது யாரு?... ஆமா, உன் கடாதான். வந்ததும் வந்தான், என் பரட்டைக்கீரைப் பாத்தியையும் மொட்டை அடிச்சுட்டுப் போனான்...

சாட்சியா? என் கடா நெஞ்சுல நான் பூசற சாயம் சிவப்பு. உன்னோடது நீலம். எந்த ஆட்டு மேல ஏறினாலும் அதோட பின்பக்கம் ஒட்டிக்கும். என் மந்தையில ஆறு ஆட்டுக்கு நீலம்யா... அப்பவே ஏன் சொல்லலன்னா... சிரிக்கக் கூடாது. ஐயாயிரம் வருஷத்து மண்ணுல ஒரு கருப்புத் திட்டைப் பாத்து, இங்க அடுப்பு எரிஞ்சுதுன்னு சொல்ற தொல்லியல்காரி நான். என் ஆட்டு மேல இருந்த நீலத்தைப் பாத்துட்டு, கேட்டுக்கு அடிச்ச பெயின்ட்டுன்னு நெனச்சுட்டேன்... சிரிச்சு முடிச்சாச்சா?

சரி. இப்ப உன் குழி. மாட்டுக் கொட்டகைக்கு சிமென்ட் ஊத்தறதுக்கு முன்னாடி, உள்ள பழம்பொருள் எதுவும் இல்லன்னு எழுதிக் கொடுக்க வேண்டியது யாரு?... நானேதான். அங்க ஒரு கருப்புத் திட்டு இருக்கு எர்லண்ட். சின்னக் கரண்டியால சுரண்டணும். அப்புறம் பிரஷ். மழை வந்தா நிறுத்தணும். ஆகஸ்ட் ஆகலாம்... கத்து, நல்லா கத்து. காதுக்குத் தேனா இருக்கு.

...அந்தச் சத்தமா? குட்டி. அடுப்புப் பக்கத்துல. விதை உருளைக்கிழங்கைக் கொட்டிட்டு அந்தப் பெட்டியில படுக்க வெச்சிருக்கேன்... ரெட்டைதான். ஒண்ணு போயிடுச்சு... காலையிலயே. ஆத்தாவுக்கு மடி சுரக்கல. பால்பொடி கரைச்சுக் கொடுத்தா துப்புது...

சீம்பாலா? உன் மாட்டோடதா? உறைய வெச்சிருக்கியா?... அடப்பாவி, முதல்லயே சொல்றதுக்கென்ன!... ஆமா, ஆமா, எடுத்துட்டு ஓடி வா.

...எந்தத் திட்டு? அது உங்கப்பா டயர் எரிச்ச இடம்யா. கம்பி கூடக் கிடக்கு. பழம்பொருள் இல்லன்னு நேத்தே எழுதி அனுப்பிட்டேன்... ஊத்திக்கோ, தாராளமா... நான் ஒண்ணும் அழல. சளி.

இரு, பழி இன்னும் பாக்கி இருக்கு. குட்டிக்குப் பேர் வெச்சாச்சு... எர்லண்ட்... பெருமையா இருக்கா? கடாக் குட்டிதான். பால் குடிச்சுத் தேறட்டும். இந்த வாரக் கடைசியில ரப்பர் வளையம் மாட்டிக் காயடிக்கப் போறேன். காலைப் பிடிச்சுக்க நீதான் வரணும்...

ஹலோ?... எர்லண்ட்?... எர்லண்ட்!

...உன்னையில்லடா செல்லம், நீ படு. உன் பேர்க்காரன் பால் கொண்டு வர்றான்.