யோவான் தறியில் வளர்ந்த சேலை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடிக்கிறேன்.

முள்ளிப்பட்டில் என் தம்பி யோவான் காய்ச்சலில் செத்தபோது அவன் தறியில் பாதிச் சேலை நின்றது. தறியில் ஏற்றிய பாவு நூலை இறக்கிக் கொடு என்று முதலாளி கேட்டதற்கு, வருஷப் பூசை முடியட்டும் என்றாள் அவன் மனைவி பாக்கியமேரி. பிள்ளை இல்லாதவள். அந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள். வீடு எங்கள் அப்பா கட்டியது, எனக்கு வேண்டியிருந்தது. தாய்வீட்டுக்குப் போ என்று பதமாகச் சொல்லிப் பார்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆரணிக் கொட்டகையில் ஓர் இங்கிலீஷ் பேய்ப்படம் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம். கடைசிவரை பேயைக் காட்டவே இல்லை. காசு தண்டம் என்று திட்டிக்கொண்டே ஜனங்கள் எழுந்து போனார்கள். நான் மறுநாளும் போய்ப் பார்த்தேன். பேய் வரவேண்டியதே இல்லை, வீட்டுக்குள் இருப்பவளே மீதியைப் பார்த்துக்கொள்வாள் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போனதும் கொல்லைப்பக்கமாக நுழைந்து, தம்பியின் தறியில் ஒரு சாண் நெய்தேன். எங்கள் இருவருக்கும் அப்பாதான் தொழில் பழக்கினார். யோவான் ஒவ்வோர் இழைக்கும் பலகையை இரண்டு முறை அடிப்பான். துணி கெட்டியாக விழும். அந்த அடி எனக்கும் வரும். வாராவாரம் சேலை வளர்ந்தது.

அவள் பயப்படவில்லை, ஐயா. அதை நான் எதிர்பார்க்கவில்லை. தறியண்டை ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்துவிட்டுப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. மற்ற நாட்களிலும் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைப் பார்க்கப் போனேன். வீட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் சந்தோஷமாக இருந்த காலம் அது.

ஒரு ஞாயிறு அவள் பூசை முடியுமுன்பே திரும்பிவிட்டாள். நான் நெற்குதிருக்குப் பின்னால் ஒதுங்கினேன். புது நெசவைத் தடவிக்கொண்டே தறியிடம் பேசினாள்.

"ஏங்க, உங்க அண்ணன் சும்மா சும்மா வந்துகினே கீறாரு. அவரு பாக்கறதே நல்லா இல்ல. எனக்கு அருவருப்பா கீது. இந்தப் பக்கம் வராம பாத்துக்கங்க."

அடுத்த ஞாயிறு பாவு முழுவதையும் அறுத்துப் போட்டேன். ஓடுகிற பாவில் கத்தி வைப்பதை எங்களில் எவனும் செய்யமாட்டான். அது பெண்டாட்டியின் தாலியைத் தானே அறுப்பதற்குச் சமம். யோவானே தன்னை வேண்டாமென்று அறுத்துவிட்டதாக அவள் நினைப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பூசை முடிந்து அவள் வந்ததும் குதிருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் அழவில்லை. அறுந்த இழைகளை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கிணற்றில் சத்தம் கேட்டது. ஓடிப் பிடித்திருக்கலாம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவள் பேசியதைக் கேட்ட ஆத்திரத்தில் அறுத்ததாக உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருக்கிறார். அது தப்பு, ஐயா. வீட்டுக்காகத்தான் அறுத்தேன். அதைத் திருத்தச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.