சமதளத்துக்கு வந்து சேராத லாரி

நான் மேற்படி விலாசத்தில் என் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், எழுதப் படிக்கத் தெரியும். லாரிக்காரர் வீட்டம்மா என்று கேட்டால் தெருவில் யாரும் என் வீட்டைக் காட்டுவார்கள். குடும்ப விவரம் கேட்டதற்குச் சொல்வதாவது, என் மூத்த பேத்தி பாலம் கட்டும் படிப்பில் கல்லூரிக்கே முதலாவதாக வந்து இப்போது ஆற்றின் குறுக்கே வரப்போகும் ஒரு பாலத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த பேரன் நீச்சலில் வாங்கிய பதக்கங்களை மாட்ட வீட்டில் ஆணி போதாமல் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம். கடைக்குட்டிப் பேத்தி கனரக வாகனம் ஓட்டும் உரிமத்தை முதல் தடவையிலேயே வாங்கினாள், அவளோடு போன ஆண்பிள்ளைகள் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் பேனாவை நிறுத்தி, "பாட்டி, இதெல்லாம் கேஸுக்கு வேணாம்" என்றார். "எழுதும்மா. ஓடிப்போனவன் குடும்பம்னு இத்தனை வருஷம் எங்களைச் சொன்னீங்கல்ல, அந்தக் குடும்பம் எப்படி இருக்குன்னும் எழுது" என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

என் கணவர் மலைச்சாலையில் சிமெண்ட் லாரி ஓட்டிவந்தார். அந்தக் காலத்து லாரியில் இப்போதுபோல் விரலால் திருப்பும் ஸ்டியரிங் கிடையாது. ஒரு வளைவை ஒடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் என்பார். என்ஜின் கால்மாட்டிலேயே இருந்ததால் கீழே முழங்கால் வெந்து கொப்பளிக்கும், மேலே பனிக்காற்றில் விரல் மரத்துப் போகும். மழை துடைக்கும் கம்பியில் ஒரு கயிறு கட்டி, கிளீனர் உள்ளே உட்கார்ந்து இழுத்து இழுத்துக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் கிளீனர் முதுகில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பார், அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இவர் வண்டியை நகர்த்துவார். ஸ்டியரிங் வளையம் ஐஸ் மாதிரிச் சில்லிடுகிறது, உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு உரிகிறது என்று அவர் சொன்னதால், நீல நிற நைலான் கயிறு வாங்கி வளையம் முழுவதும் நெருக்கமாகச் சுற்றி, கூடை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். "உன் முடிச்சு அவிழாது, வண்டியே கழண்டாலும் இது கழலாது" என்று கேலி செய்தார்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னை அந்த லாரியில் அழைத்துப் போனார். மலையில் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அங்கே பாரவண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும். உடனே கிளீனர் குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி வண்டி மறுபடியும் கிளம்பும்போது கட்டையை உருவுவார். கிளம்பிய வண்டியை அந்த ஏற்றத்தில் மறுபடி நிறுத்த முடியாது. அதனால் டிரைவர் கிளீனருக்காகக் காத்திராமல் மேலே உள்ள சமதளம் வரை ஓட்டிப்போய் அங்கே நிற்பார். எட்டிப் பிடிக்க முடிந்தால் ஓடிவந்து தொற்றிக்கொள்ளட்டும் என்று கிளீனர் பக்கத்துக் கதவை மட்டும் சங்கிலியால் பின்னால் இழுத்து மாட்டித் திறந்தே வைப்பார். "ஏங்க, கதவு இப்படித் தொறந்து கெடக்கே, நான் விழுந்துட மாட்டேனா?" என்று நான் கேட்டதற்கு, "அது உனக்கில்லடி, அவனுக்கு. அவன விட்டுட்டு நான் எங்க போறது?" என்றார்.

அன்றைக்குப் பாரம் குறையட்டும் என்று என்னையும் இறக்கிவிட்டார். அதன் பிறகு நானும் கிளீனரும் சாலையில் நடக்காமல், வளைவுகளுக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதையில் ஏறி, லாரிக்கு முன்பே சமதளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். லாரி முனகிக்கொண்டு வந்தபோது நான் இடுப்பில் கை வைத்து நின்று, "என்ன டிரைவரே, வழியில தூங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் குறுக்குப் பாதையில் நானே என் காலால் ஏறியிருக்கிறேன்.

அந்தக் கிளீனரைக் கட்டைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் என் கணவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் சொல்லுவார்.

என் மகன் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், அடைமழைக் காலத்தில், ஒரு நாள் காலை என் கணவர் பாரம் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். மறுநாள் மத்தியானம் கட்டைக்காரர் மட்டும் வேறொரு லாரியில் திரும்பி வந்து, வாசலில் நின்று, "அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டார். கணுக்கால் வீங்கியிருந்தது. கையில் கட்டை இருந்தது. ஏற்றத்தில் வண்டி நின்றதாகவும், கட்டையை உருவியதும் வண்டி மூடுபனிக்குள் போய்விட்டதாகவும், தான் வழியில் வழுக்கி விழுந்து தாமதமாகச் சமதளத்துக்குப் போனபோது வண்டி அங்கே இல்லை என்றும், மழையில் நனைந்தபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார்.

அதன் பிறகு போலீசார் அவரை விசாரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "வண்டி கிளம்பின இடத்துலேர்ந்து மேல வரைக்கும் நீ நடந்துதானே வந்தே? வழியில வண்டி விழுந்த அடையாளம் ஏதாவது பாத்தியா?" என்று கேட்டார்கள். "நடந்துதான் வந்தேன் சார், ஒண்ணும் பாக்கல" என்றார். ஆகவே அந்த ஏற்றத்தில் வண்டி விழவில்லை என்று முடிவாகி, சமதளத்துக்கு அப்பால் உள்ள பள்ளங்களில் மட்டும் தேடினார்கள். மழையில் பல இடங்களில் சாலை ஓரம் சரிந்திருந்தது, அதையெல்லாம் சாலைப் பணியாளர்கள் மண் கொட்டிச் சரிசெய்துவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தையில் அதே மாதிரி லாரியைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதோடு என் கணவர் பாரத்தோடு வண்டியை விற்றுவிட்டு ஓடிப்போனவர் ஆனார்.

தண்ணீர்க் குழாயடியில், "என்னக்கா, உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் புது மாப்பிள்ளை ஆயிட்டாராமே, சாப்பாட்டுக்குச் சொல்லி அனுப்பலையா?" என்று கேட்பார்கள். என் தகப்பனார் கோபத்தில் கல்யாணப் போட்டோவிலிருந்து அவரைக் கத்தரித்து அடுப்பில் போட்டார். மீதிப் போட்டோவில் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகில் அவருடைய கை மட்டும் இருக்கிறது. வீட்டில் வேறு படம் இல்லை. அடிவாரத்துச் சோதனைச் சாவடிப் பலகையில், "இவரைக் கண்டால் பிடித்துத் தரவும்" என்று அவருடைய லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். மகனுக்கு விவரம் தெரிந்த வயதில் அவனை அங்கே அழைத்துப்போய், தூக்கிப் பிடித்து, "இதுதான்டா உன் அப்பா" என்று காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா ஏன் இங்க ஒட்டிக்கிட்டிருக்காரு?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் அப்பா என்ற சொல்லை எடுத்ததில்லை.

கட்டைக்காரர் லாரி வேலையை விட்டுவிட்டுப் பஞ்சர் கடை போட்டார். என் மகனுக்கு டயர் வேலை கற்றுக்கொடுத்ததும் அவர்தான். லாரியோடு போகாமல் அவர் கையில் மிஞ்சிய கட்டையைக் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்னை மழையில தவிக்க விட்டுட்டுப் போன மனுஷன், இந்நேரம் தொப்பை போட்டுக்கிட்டு ஈசிசேர்ல சாஞ்சிருப்பாரு, அண்ணி" என்பார். நானும் சேர்ந்து திட்டுவேன். தலை வலித்தாலும் திட்டுவேன், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் திட்டுவேன். உயிரோடு எங்கேயோ இருக்கிற ஆளைத் திட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் ஒரு காவலர் வீட்டுக்கு வந்து, சாலையை அகலப்படுத்த மண் வெட்டியபோது பள்ளத்துப் புதருக்குள் ஒரு பழைய லாரி கிடைத்திருப்பதாகவும், அடையாளம் காட்ட வர வேண்டும் என்றும் சொன்னார். மகன் கடையில் ஒரு டயரை மாட்டிக்கொண்டிருந்தான். "இதை மாட்டி முடிச்சுட்டு வரேன்" என்றான். மாட்டினான், கழற்றினான், மறுபடியும் மாட்டினான். அதன் பிறகு கடைக்குட்டிப் பேத்தி வேன் ஓட்ட, நானும் மகனும் கட்டைக்காரரும் போனோம். அந்த ஏற்றத்தில் பேத்தி ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி ஏறினாள். நான் அவள் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கிரேன் வைத்து லாரியைச் சாலையோரம் தூக்கி வைத்திருந்தார்கள். வேனை விட்டு மகன் இறங்கவில்லை. டிரைவர் இருக்கையில் இருந்ததை ஆய்வாளர் துணி போட்டு மூடியிருந்தார். நான் அதைத் திறக்கச் சொல்லவில்லை. ஸ்டியரிங் வளையத்தில் நீல நைலான் கயிறு வெளுத்துப்போய், ஆனால் ஒரு சுற்றுக்கூட நெகிழாமல் இருந்தது. முடிச்சைத் தடவிப் பார்த்தேன். என் முடிச்சுதான். இந்த லாரி என் கணவர் ஓட்டிய லாரிதான் என்று அடையாளம் காட்டினேன்.

அப்போது லாரியின் மறுபக்கம் சுற்றிப் போன கட்டைக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். டிரைவர் பக்கத்துக் கதவு நசுங்கி மூடியிருந்தது. கிளீனர் பக்கத்துக் கதவு துருப்பிடித்த சங்கிலியால் பின்னால் இழுத்து மாட்டியபடி திறந்திருந்தது. "அண்ணி, எனக்குத்தான் தொறந்து வச்சிருக்காரு" என்றார்.

ஆய்வாளர் அவரிடம், "ஏற்றத்துக்கும் சமதளத்துக்கும் நடுவுல, இதோ இந்த வளைவுலதான் ஓரம் சரிஞ்சு விழுந்திருக்கு. நீங்க இதே வழியாத்தானே பின்னாலேயே நடந்து வந்தீங்க? எப்படிப் பாக்காமப் போனீங்க?" என்று கேட்டார்.

கட்டைக்காரர் வளைவைப் பார்த்தார். மேலே சமதளத்தைப் பார்த்தார். "இந்த வளைவுக்கு நான் எங்க சார் வந்தேன்? குறுக்கால ஏறிட்டேனே. கிளீனர் எவன் சார் ரோட்டுல நடப்பான்?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. நான் லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குறுக்குப் பாதை நாங்கள் நின்ற இடத்திலிருந்து கைநீட்டிக் காட்டுகிற தூரத்தில் இருந்தது. டிரைவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் கட்டைக்காரர் பஞ்சர் கடையின் கதவை விழவிட்டு, அந்தக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்து, "இது அந்த வண்டியோட சாமான், வண்டியோட சேத்துடுங்க" என்று ஒப்படைத்ததாக ஆய்வாளர் சொன்னார். அன்றிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டை மருமகள் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறாள். அவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. எந்த வழியாக வந்தாய் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. என் கணவர் வண்டியை விற்கவில்லை, யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை, பாரத்தோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார் என்பதை எழுதிக்கொள்ளவும்.

இதுவரை நான் சொன்னவை நான் கண்ணால் பார்த்தவையும் காதால் கேட்டவையும் ஆகும், கூட்டிச் சொல்லவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நானும் ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் ஒன்று சேர்த்துக்கொள்ளவும். சாவடியில் ஒட்டிய படத்தின் பிரதி இருக்கிறதா என்று சென்ற வாரமே கேட்டேன். பழைய ஃபைலில் அட்டைதான் மிச்சம், படத்தைச் செல் அரித்துவிட்டது என்று ஆய்வாளர் சொன்னார். ஆக, அவர் முகம் இப்போது எங்கேயும் இல்லை. இன்று காலை நான் இங்கே கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன். என் மகன்தான். வழக்கமான கெட்டி மீசையை மெல்லிசாக ஒதுக்கி, வகிடு மாற்றி வாரி, சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். "சாவடியில இருந்த மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டான். அச்சு அசல் அப்படியே இருந்தது. "அப்பா படம் இல்லைன்னா என்னை எடுத்து ஒட்டச் சொல்லும்மா" என்றான். கடைக்குட்டி அவனை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். பிடித்துத் தரவும் என்ற வரி வேண்டாம், மலைச்சாலையில் வண்டி ஓட்டும்போது இறந்தார் என்று போட்டால் போதும். அடிவாரத்துச் சாவடியில், ஏறுகிற வண்டிகளெல்லாம் பார்க்கும்படி, அந்தப் பழைய படம் இருந்த அதே இடத்தில் இந்தப் புதுப் படத்தை ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
லாரி ஓட்டுநரின் மனைவி