மத்தியானப் பல்வலி

– அப்புறம்? நிறுத்தாத தேவா, பேசிக்கிட்டே இரு.

– அப்பால இன்னா, அந்தக் கொக்கு பறந்துபூட்ச்சு. நம்ம ஊட்டு மாடிலேர்ந்து பாத்தா அயனம்பாக்கம் ஏரி புல்லா வெயிலு. தண்ணி எது, வானம் எதுன்னே தெர்ல. வலி எப்டிக்கீது கார்த்தி?

– நீ பேசுனா தூரமாப் போயிடுது.

– உப்புத்தண்ணி கொப்புளிச்சியா?

– ம்.

– ஐஸை துணில சுத்தி வையி. கிராம்ப கடிச்சிகினே கெடக்காத, ஈறு வெந்துபூடும்.

– எங்கம்மா மாதிரியே பேசுற.

– அவங்க இன்னா சொல்றாங்கோ? ஆறு மாசமா நீ உங்கம்மா ஊட்லயே கீற...

– குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் ஏன் இன்னும் இங்கயே இருக்கான்னு கேக்குறாங்களாம். அதை விடு. ஏரியச் சொல்லு.

– ரெண்டு நாமக்கோழி நீந்திகினு போவுது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பின்னாடி போறதுக்கு அவசரமே இல்ல. அது போற வழில தண்ணி மெதுவா ரெண்டாப் பிரிஞ்சி, அப்டியே திரும்ப ஒட்டிக்குது.

– கல்யாணமாகி மூணு வருஷம் அந்த வீட்ல இருந்தேன். இந்தக் கோழியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிருக்கியா? நைட் ஷிப்ட் முடிச்சு வருவ, சாப்புடுவ, திரும்பிப் படுத்துப்ப. சுவரோட குடித்தனம் பண்ண மாதிரி இருந்துச்சு தேவா.

– எனுக்கு இன்னா பேசறதுன்னு தெர்ல கார்த்தி. பாடில கீற கம்பெனில பத்து வருசம் மிசினு சத்தம். வாயத் தொறந்தா பக்கத்துல கீறவனுக்கே கேக்காது. அப்டியே பழகிபூட்ச்சு.

– இப்போ மட்டும் எப்படி வருது?

– நீ பல்லு வலிக்குதுன்னு அழுதுகினே போன் பண்ண. தூங்குற வரைக்கும் எதுனா சொல்லுன்ன. எதுருல ஏரிதான் இருந்துச்சு, அதச் சொன்னேன். இப்போ பதினஞ்சு நாளா வேலைலயே நெனச்சினுகீறேன், மத்தியானம் உனுக்கு இன்னா சொல்லலாம்னு... கார்த்தி? தூங்கிட்டியா?

– இல்ல. கண்ண மூடிட்டு தண்ணி மேல படுத்திருக்கேன்.

– வீக்கம் வத்துனாத்தான் பல்ல எடுப்பேன்னு டாக்டர் சொன்னாருன்னியே. வத்திச்சா?

– வத்திடுச்சு.

– அப்போ எடுத்துருவாங்க. நல்லதுதான். வலி பூடும். அப்பால நீ... போன் பண்ண மாட்ட இல்ல?

– தேவா.

– சொல்லு.

– பல்லை எடுத்து எட்டு நாளாச்சு.